மூன்று வாரத்துக்குள் திரும்பும் வண்டி

ஓட்டுநர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லி சதீஷ் பலமுறை வீட்டுக்கு வந்துவிட்டான். அவன் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் டிரைவர். நான் ஓடி முடித்தவன். ஏழாம் வகுப்பைப் பாதியில் விட்டவனிடம் என்ன எழுத்து இருக்கப்போகிறது என்று சொல்லிப் பார்த்தேன்.

"எழுத்து வரலன்னா உடுங்கண்ணா. ஒரு கேள்விக்குப் பதில் எழுதுங்க, போதும். இத்தினி வருசம் லாரி ஓட்டினவரு, சபீர் பாய்கிட்ட இருந்த காலம் பூரா நாக்பூரைத் தாண்டலன்னு ஷெட்டுல சொல்லிச் சிரிக்கிறாங்க. ஏன் தாண்டல? பயமா?"

பயம்தான். ஆனால் ரோட்டைப் பார்த்து வந்த பயம் இல்லை அது.

நான் இயல்பில் ஊர்சுற்றி. காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பில் கூலி வேலை பார்த்த வீட்டிலிருந்து பதிமூன்று வயதில் கிளம்பினேன். ஓசூரில் ஓட்டலில் தட்டு கழுவினேன். கிரானைட் குவாரியில் கல் இழுத்தேன். போர்வெல் வண்டியில் ஏறி ஆந்திரா, ஒரிசா என்று சுற்றினேன். பிறகு லாரியில் கிளீனர், அப்புறம் டிரைவர். எந்த வேலையையும் கஷ்டத்துக்காக விட்டதில்லை. அடுத்த ஊரில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் தூக்கம் வராது, அவ்வளவுதான். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு முறை சிலிகுரி வரை போனேன். அங்கே லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போது ஒரு பஞ்சாபி டிரைவர் சொன்னார், இன்னும் கிழக்கே போனால் கடல் மாதிரி ஒரு ஆறு வரும், அதன் மேல் பாலம் போகும், பாலத்தில் ஏறினால் அந்தக் கரை தெரியாது என்று. அடுத்த தடவை போய்ப் பார்த்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டு வண்டியைத் திருப்பினேன்.

அடுத்த தடவை என்பது வரவில்லை. தளி ஊர்க்கார ரத்னாவைக் கட்டினேன், அம்சா பிறந்தாள். ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் கம்பெனி ஆட்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் ஒரு அறை எங்களுடையது. பத்து வீட்டுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி. ஒரு குழந்தை இருமினால் பத்து வீட்டுக் குழந்தைகளும் இருமும்.

அம்சாவுக்கு ஏழு வயதில் தொண்டை நோவும் காய்ச்சலும் வந்து போனது. கொஞ்ச நாளில் முழங்கால் வீங்கியது. ரத்னா விளக்கெண்ணெய் தடவி ஒத்தடம் கொடுத்தாள். கால் சரியாகி, முழங்கையில் வந்தது. அதுவும் சரியாகி, கணுக்காலுக்குப் போனது.

"நோவு எங்கயாவது பஸ் ஏறி ஊரு மாத்துமா? பள்ளிக்கூடத்துக்கு டிமிக்கி குடுக்கிறா" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். எல்லோரும் சிரித்தோம். அம்சாவும் சிரித்தாள். அவளுக்கே அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

தண்ணீர்த் தொட்டியின் ஆறு படியை ஏற முடியாமல் நடுப்படியில் அவள் உட்கார்ந்துகொண்ட அன்றுதான் அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்தவர் எடுக்கவே இல்லை. முன்னால் வைத்தார், பக்கத்தில் வைத்தார், முதுகில் வைத்தார். பெங்களூருக்குப் போய் ஸ்கேன் எடுக்கச் சொன்னார்.

பெங்களூர் டாக்டர் கன்னடமும் தமிழும் கலந்து பேசினார். தொண்டையில் வந்த கிருமியால் உண்டான காய்ச்சல் மூட்டுக்குப் போய், இதயத்துக்கும் போயிருக்கிறது. இடப்பக்க வால்வு ஒன்று கதவு மாதிரி மூட வேண்டும். இவளுக்குச் சரியாக மூடாமல் ரத்தம் பின்னுக்குக் கசிகிறது.

"ஆபரேசன் வேணுமா சார்?"

"இப்ப வேண்டாம். இதே அளவுல நின்னா வேண்டவே வேண்டாம். ஆனா மறுபடி அந்தக் காய்ச்சல் வரக் கூடாது. வந்தா கதவு இன்னும் கெடும். மூணு வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி. விடாம."

"எத்தினி நாளைக்கு சார்?"

"மாசக் கணக்கு இல்லப்பா. வளர்ந்து பெரியவளா ஆகி, அதுக்கு மேலயும்."

திரும்பி வரும் பஸ் அத்திப்பள்ளி தாண்டும்போது ரத்னா, "நீ இல்லாம ஊசி போட உட மாட்டா அவ" என்றாள். அது உண்மை. ரத்தப் பரிசோதனைக்குக் குத்தியபோதே என் சட்டையைக் கிழித்துவிட்டாள்.

மூன்று வாரம். லாரிக்காரனுக்கு மூன்று வாரம் என்பது என்ன என்று இன்றைய டிரைவர்களுக்குச் சொல்ல வேண்டும். இப்போது வண்டி எங்கே நிற்கிறது என்று முதலாளி போனில் பார்க்கிறார். லோடு இறங்கும் முன்பே திரும்பும் லோடு போனில் வந்துவிடுகிறது. அன்று அப்படி இல்லை. போவது நம் கையில், திரும்புவது புரோக்கர் கையில். சரக்கை இறக்கிவிட்டு புரோக்கர் ஆபீஸ் வாசலில் டீ குடித்துக்கொண்டு கிடக்க வேண்டும். இரண்டு நாளிலும் லோடு கிடைக்கும், பத்து நாளும் ஆகும். காலி வண்டியாகத் திரும்புவது எங்கள் தொழிலில் செய்யக் கூடாத காரியம். வண்டியை ஆற்றில் விட்டுவிட்டு வந்தால்கூட மன்னித்துவிடுவார்கள்.

என் முதலாளி சபீர் பாய்க்கு நாலு லாரி. சிப்காட் கம்பெனிகளின் உதிரி பாகங்கள்தான் எங்கள் சரக்கு. ஷெட்டுச் சுவரில் வரிசையாக ஆணி அடித்திருப்பார். இடப்பக்க ஆணியில் தொங்கும் சாவி பக்கத்து ஊருக்கு, வலக்கோடி ஆணியில் தொங்கினால் டெல்லிக்கோ அதற்கு மேலோ. வாயால் எதையும் சொல்ல மாட்டார். நீ உள்ளே வந்ததும் தாடையை ஆணியைப் பார்த்துத் தூக்குவார். எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். யாராவது வாதாடினால் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைக்க ஆரம்பிப்பார். துடைத்து முடிப்பதற்குள் வாதாடினவன் சாவியை எடுத்துவிடுவான்.

நான் போய் விஷயத்தைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினார்.

"தூரம் போவேன் தூரம் போவேன்னு என் உயிரை எடுத்தவன் நீதானே?"

"ஆமா பாய்."

"இப்ப போமாட்டேன்ற."

"போறேன் பாய். மூணு வாரத்துக்குள்ள திரும்பற மாதிரி இருந்தா போறேன்."

"லாரி என்ன மாப்பிள்ளை வூட்டுக் காரா, நீ சொன்ன நாளைக்கு வர்றதுக்கு?" என்றார். துடைப்பது நிற்கவில்லை. அன்று வலக்கோடியில் தொங்கிய சாவியைத் தாடையால் காட்டவும் இல்லை. புனே சாவியைக் காட்டினார்.

ஊசி போடும் முறையை எழுதுகிறேன். எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. மருந்து புட்டியில் வெள்ளைப் பொடியாக இருக்கும். அதில் தண்ணீர் மருந்தை ஏற்றி, ஓசூர் அரசு ஆஸ்பத்திரி நர்ஸ் கலைவாணி சிஸ்டர் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டுவார். பால் மாதிரி ஆகும். முதலில் முன்கையில் துளியளவு குத்திவிட்டுக் காத்திருக்கச் சொல்வார். அங்கே தடிப்பு வந்தால் மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். வரவில்லை என்றால் இடுப்பில் போடுவார். அந்த மருந்து கெட்டி; சின்ன ஊசியில் அடைத்துக்கொள்ளும். அதனால் தடித்த ஊசி. ஒரேயடியாகத் தள்ளினால் வலி தாங்காது, நிறுத்தினால் அடைத்துக்கொள்ளும். நிறுத்தாமல் மெதுவாகத் தள்ள வேண்டும். அதுவரைக்கும் அம்சா என் தொடை மேல் குப்புறப் படுத்து என் பெல்ட்டைக் கடித்துக்கொண்டிருப்பாள். அந்த பெல்ட் இன்னும் இருக்கிறது.

போட்ட பிறகும் கொஞ்ச நேரம் ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே இருக்க வேண்டும், ஏதாவது ஆகிறதா என்று பார்க்க. இடுப்பு நோவில் அவளால் உட்கார முடியாது. நான் உட்கார, அவள் என் முழங்கால்களுக்கு நடுவில் நின்று என் தோளில் சாய்ந்துகொள்வாள்.

"எங்க போய்ட்டு வந்த, சொல்லு."

நான் ரோட்டைச் சொல்வேன். தும்கூர், சித்ரதுர்கா, ஹூப்ளி, பெல்காம், கோலாப்பூர். ஒவ்வொரு ஊருக்கும் அவள், "அப்புறம்?" என்பாள். எங்கே வண்டி பஞ்சர் ஆனது, எந்த தாபாவில் குரங்கு ரொட்டியைத் தூக்கிப் போனது எல்லாம் சொல்ல வேண்டும். புனே வந்ததும், "அப்புறம்?" நாக்பூர். "அப்புறம்?" சிலிகுரி. "அப்புறம்?"

அப்புறம் எனக்குத் தெரியாது. கடல் மாதிரி ஒரு ஆறு, அக்கரை தெரியாத பாலம் என்று ஆரம்பித்து வாய்க்கு வந்ததைச் சொல்வேன். பாலத்தின் நடுவில் டீக்கடை இருக்கிறது என்றேன். ஆற்றுக்குள் யானை நீந்துகிறது என்றேன். ஒரு முறை நின்ற டீக்கடையை அடுத்த முறை ஓட்டலாக்கினேன். அவள் விடவில்லை. "போன தடவ டீக்கடன்னுதான சொன்ன?" என்பாள்.

முதல் ஊசி அன்று இன்னொன்றும் நடந்தது. இரவு சாப்பிட நானும் ரத்னாவும் தட்டை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தோம். அம்சா உட்கார முடியாமல் தட்டோடு நின்றாள். திடீரென்று அழுதாள்.

"என்னாடி, இன்னும் நோவுதா?"

"நான் மட்டும் நிக்கிறேன். டீச்சர் நிக்க வெச்ச மாதிரி இருக்குது."

நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றேன். ரத்னா என்னைப் பார்த்துவிட்டு அவளும் எழுந்தாள். அந்தச் சின்ன அறையில் மூன்று பேரும் நின்றுகொண்டு சோறும் சாம்பாரும் சாப்பிட்டோம்.

"இது பஃபே" என்றாள் அம்சா. கொஞ்ச நாளைக்கு முன் கம்பெனி ஆள் ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் பஃபே பார்த்திருந்தாள். அன்றிலிருந்து ஊசி நாளுக்கு எங்கள் வீட்டில் பஃபே நாள் என்று பெயர். அன்றைக்கு யார் வந்தாலும் எங்கள் வீட்டில் நின்றுதான் சாப்பிட வேண்டும். தளியிலிருந்து வந்த என் மாமியார், "இதென்னடா வழக்கம், குதிரை மாதிரி" என்று கன்னடத்தில் திட்டிக்கொண்டே நின்று சாப்பிட்டார்.

அவளுக்கு ஒன்பது வயது இருக்கும்போது நடந்ததைச் சொல்ல வேண்டும். நாக்பூரில் சரக்கை இறக்கிவிட்டு லோடுக்காகக் கிடந்தேன். நாளைக்கு, நாளைக்கு என்று புரோக்கர் இழுத்துக்கொண்டிருந்தான். ஊசி நாள் நெருங்கியது. ரத்னா போன் செய்தாள்.

"அம்சாவுக்குத் தொண்ட நோவுது."

"காய்ச்சலு?"

"இன்னும் இல்ல. நீ எப்ப வர்ற?"

புரோக்கரிடம் போய் நின்றேன். "இன்னும் நாலு நாள் இரு, நல்ல லோடு வருது" என்றான். நான் வண்டியைக் கிளப்பினேன். காலியாக. சங்கத்தில் இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும், ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் காலி வண்டியை ஓட்டினால் எப்படிச் சத்தம் போடும் என்று. பாடியில் கட்டிய சங்கிலி வழி முழுக்க அடித்துக்கொண்டே வந்தது.

ஓசூர் வந்து வண்டியை ஷெட்டில் விடாமல் நேராக வீட்டுக்கு ஓட்டி, இருவரையும் கேபினில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் தொண்டையைப் பார்த்தார். இந்த நேரத்தில் ஊசி தள்ளிப்போகக் கூடாது என்றார். கலைவாணி சிஸ்டரோ என்னைப் பெயர் சொல்லி, "மருந்து ஸ்டாக் இல்லியே மாது" என்றார். அங்கேயும் இங்கேயும் போன் போட்டார். வெளியே மருந்துக் கடைகளிலும் இல்லை. கடைசியில், "ராயக்கோட்டை ஆஸ்பத்திரியில இருக்குதாம். ஆனா அங்க இன்னிக்கு டாக்டர் லீவு, போட மாட்டாங்க. எடுத்துட்டு வாங்க, நான் போடறேன். என் டூட்டி சாயங்காலம் முடியுது, பாத்துக்குங்க" என்றார்.

லாரியிலேயே போனோம். அம்சாவுக்கு கேபினில் அன்றுதான் முதல் பயணம். தொண்டை நோவு எல்லாம் மறந்து ஹாரனை அடித்துக்கொண்டே வந்தாள். ராயக்கோட்டையில் புட்டியை ரத்னா வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். திரும்பும்போது சானமாவு காட்டு ரோட்டில் வண்டிகள் வரிசையாக நின்றன. யானைகள் கடக்கின்றன. வனத்துறை ஆட்கள் யாரையும் விடவில்லை.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ரோட்டையே பார்த்தேன். ஒரு பெரிய யானை, பின்னால் இரண்டு, அப்புறம் ஒரு குட்டி. குட்டி நடு ரோட்டில் நின்று மண்ணைத் தோண்ட ஆரம்பித்தது. தாய் திரும்பி வந்து அதன் பக்கத்தில் நின்றது. தள்ளவில்லை, இழுக்கவில்லை. சும்மா நின்றது.

"போச்சு. சிஸ்டர் கௌம்பிடுவாங்க" என்றாள் ரத்னா.

"குட்டிக்கும் ஊசியாம்மா?" என்றாள் அம்சா. "அதான் போமாட்டேன்னு நிக்குதா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருட்டுவதற்கு முன் குட்டி தானாகவே கிளம்பியது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கலைவாணி சிஸ்டர் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "பஸ்ஸ உட்டுட்டேன். இனி என்ன அவசரம், கொண்டா" என்று பையைக் கழற்றி வைத்தார். அடுத்த டூட்டி டாக்டரிடம் சொல்லிவிட்டு, புட்டியை உள்ளங்கையில் வைத்து எப்போதும் போல அவசரமில்லாமல் உருட்டினார். அன்று அம்சா பெல்ட்டைக் கடிக்கவில்லை. யானைக் கதையைச் சிஸ்டருக்குச் சொல்லிக்கொண்டே போட்டுக்கொண்டாள். தொண்டை நோவு காய்ச்சலாகாமல் இறங்கியது.

மறுநாள் காலையில் வண்டியை ஷெட்டுக்குக் கொண்டுபோனேன். வேலை போய்விட்டது என்று நினைத்துத்தான் போனேன். சபீர் பாய் காலிப் பாடியைச் சுற்றி ஒரு முறை நடந்தார்.

"காலியா வந்திருக்க."

"ஆமா பாய்."

"ஊசி?"

"போட்டாச்சு பாய்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு சுத்தியலை எடுத்து, சுவரில் நடுவில் ஒரு புது ஆணி அடித்தார். என் கையிலிருந்த சாவியை வாங்கி அதில் மாட்டினார்.

"இது உன் ஆணி. இதுல தொங்கறத மட்டும் எடு. மத்த ஆணியப் பாக்காத. பாத்தா கண்ண நோண்டிருவேன்."

டீசல் காசை என் சம்பளத்தில் பிடித்தார். அதை விடுகிற ஆள் இல்லை. ஆனால் அந்த ஆணியில் நாக்பூருக்கு மேல் ஒரு சாவியும் தொங்கியதில்லை. நான் கேட்கவும் இல்லை. மற்ற டிரைவர்கள் வலக்கோடிச் சாவியை எடுக்கும்போது பார்க்காமல் இருக்க மட்டும் முடியவில்லை. அவர்கள் போய்விட்டு வந்து குவாஹாட்டி, ஜம்மு என்று பேசும்போது நான் டயரில் காற்று பார்ப்பதுபோல் பக்கத்தில் நிற்பேன்.

அம்சா வளர்ந்தாள். பத்தாவது, டிப்ளமோ. பதினைந்து வயதில் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போக ஆரம்பித்தாள். "நீ வந்தா எல்லாரும் என்னைக் குழந்தன்னு பாக்கிறாங்கப்பா" என்றாள். நான் வாசலில் வண்டியில் காத்திருப்பேன். அப்புறம் அதுவும் வேண்டாம் என்றாள். இப்போது ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறாள், கூட வேலை பார்க்கும் பெண்களோடு வீடு எடுத்து. வால்வு அன்று இருந்த அளவிலேயே நிற்கிறது. வருஷத்துக்கு ஒரு ஸ்கேன். ஊசி இன்னும் உண்டு. அங்கேயே ஒரு ஆஸ்பத்திரியில் போட்டுக்கொள்கிறாள். ஊசி நாள் வந்தால் நான் காலையில் சட்டை போட்டுக்கொண்டு பெல்ட்டைத் தேடுவேன். "எங்க கௌம்பிட்ட?" என்று ரத்னா கேட்பாள். எங்கேயும் இல்லை என்று கழற்றிவிடுவேன்.

நான் ஓட்டுவதை நிறுத்திய பிறகு சதீஷ்தான் கேட்டான். "குவாஹாட்டி லோடு வருதுண்ணா. ரெண்டு டிரைவர் போறோம். நீங்க சும்மா உக்காந்துகிட்டு வாங்க."

அம்சாவிடம் போனில் சொன்னேன். "போய்ட்டு வாப்பா. பாலத்துல இருக்கிறது டீக்கடையா ஓட்டலான்னு பாத்துட்டு வா" என்றாள்.

போனேன். ஓட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்து போவது கஷ்டம்தான். கால் சும்மா சும்மா பிரேக்கைத் தேடும். சிலிகுரி வந்தது. நான் அன்று வண்டியைத் திருப்பின இடம் எது என்றே தெரியவில்லை. அதற்கு மேல் எல்லாமே எனக்குப் புது ரோடு. மூங்கில் வீடுகள், குளங்கள், பச்சை. இத்தனை வருஷம் ஏங்கின ரோடு கண்முன்னால் ஓடுகிறது. என் மனசு என்னவோ ஓசூர் ஆஸ்பத்திரி பெஞ்சில் இருந்தது. முழங்கால்களுக்கு நடுவில் நின்று தோளில் சாய்ந்து, அப்புறம், அப்புறம் என்று கேட்கிறவள் இல்லாமல் அந்த ஊர்களின் பெயரை யாருக்குச் சொல்வது?

அசாமுக்குள் நுழைந்து, மத்தியானம் ஒரு தாபாவில் நிறுத்தினார்கள். கயிற்றுக் கட்டிலில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். போன் வந்தது.

"போட்டாச்சுப்பா" என்றாள் அம்சா.

"நோவுதா?"

"எப்பவும் போலத்தான். எங்க இருக்க?"

"ஆறு இன்னும் வரல. சாயங்காலம் வந்துருமாம்."

"சரி. நான் சாப்பிடப் போறேன். இங்க ரூம்ல எல்லாரும் நின்னுகிட்டு இருக்காளுங்க தட்ட வெச்சிகிட்டு. நான்தான் பழக்கி உட்டேன்."

போனை வைத்தேன். பரிமாறுகிறவன் ரொட்டியும் பருப்பும் கொண்டுவந்தான். நான் தட்டை வாங்கிக்கொண்டு எழுந்தேன்.

"உக்காருங்கண்ணா. கட்டில்ல எடம் இருக்குது" என்றான் சதீஷ்.

"நீ சாப்பிடு. இன்னிக்கு எங்க வூட்டுல பஃபே" என்றேன்.